மேசைமேல் ஒரு சாகசம்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் ஓர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக அதற்குள் புகுந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே கதையை வளர்க்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. கதை நடத்துபவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள்; ஆடுபவர்கள் வாயில் அது டி.எம்.

முதல் ஆட்டத்துக்குத் தயாராவது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எண்கள் எல்லாம் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கு. 2024-ல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, அதில் சில எண்கள் வேறு. எதை வேண்டுமானாலும் ஆடுங்கள். ஒரே மேசையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நாங்கள் ஐந்து பேர். யாரும் இதுவரை ஆடியதில்லை. நான்தான் டி.எம். என்று முடிவாகிவிட்டது. மூன்று புத்தகம் வாங்க வேண்டும் என்கிறார்கள், ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்துக்கு மேல். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கோத்தகிரி

வேண்டாம். முதல் ஆட்டத்துக்குப் புத்தகமே வாங்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1 என்று தேடினால் கிடைக்கும். அதுவும் பெரிய கோப்புதான். நீங்கள் படிக்க வேண்டியது அதில் இரண்டே பகுதி: திறன் சோதனைகள் பற்றியது, சண்டை பற்றியது. மந்திரங்களில், உங்கள் ஆட்டக்காரர்களின் கதைப்பாத்திரங்கள் வைத்திருப்பவற்றை மட்டும் படித்தால் போதும். மாயப் பொருள்கள், உயர்நிலை மந்திரங்கள், போர்வீரர், மந்திரவாதி என்பதுபோன்ற வகுப்புகளில் இரண்டைக் கலப்பது எல்லாம் இப்போது உங்கள் தலைக்குள் ஏற வேண்டாம்.

விதியின் முதுகெலும்பு ஒரு வரிதான். இருபது முகப் பகடையை உருட்டு, உன் திறன் எண்ணைக் கூட்டு, இலக்கு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி. எளிய காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. பூட்டைத் திறப்பதும், பாறையில் ஏறுவதும், காவலாளியிடம் பொய் சொல்வதும் இதே கணக்கு. வாள் வீச்சும் இதேதான், அங்கே இலக்கு எண் எதிரியின் கவச எண்.

சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். பாதகமாக இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், புதிய டி.எம்.முக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஓர் ஆட்டக்காரர் நல்ல யோசனை சொன்னால், "சரி, இரண்டு பகடை எடு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு 55 சதவீதம். இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்தால் ஏறக்குறைய 80.

மீதி நேரத்தைக் கதை எழுதச் செலவிடாதீர்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதன்முறை டி.எம்.கள் இருபது பக்கத்துக்குக் கதை எழுதி வருவார்கள்: "அவர்கள் சத்திரத்துக்குப் போவார்கள், கிழவர் வரைபடம் தருவார், வடக்கே போவார்கள்." ஆட்டக்காரர்கள் கிழவரைத் திருடன் என்று சந்தேகித்துக் கட்டிப் போட்டுவிடுவார்கள். அதோடு இருபது பக்கமும் வீண். அல்லது டி.எம். அவர்களை வலுக்கட்டாயமாக வடக்கே இழுப்பார், அவர்கள் பார்வையாளர்களாகிப் போவார்கள். எழுத வேண்டியது கதையல்ல, நிலைமை: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, யாரும் தலையிடாவிட்டால் நாளைக் காலை என்ன ஆகும். ஒரு தாளில் அடங்கும்.

ஊட்டி, குன்னூர் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன். லூடோ பகடைதான் தருகிறார்கள். இணையத்தில் ஏழு பகடை கொண்ட செட் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். வேறு வழி உண்டா?
— வாசகி, குன்னூர்

உண்டு, ஏழும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. செட்டில் இருப்பவை 4, 6, 8, 10, 12, 20 முகப் பகடைகள். இவற்றோடு சதவீதத்துக்கு இன்னொரு 10 முகப் பகடை. ஆடுபவர்கள் டி4, டி6, டி20 என்று சொல்வார்கள்.

டி4-க்கு ஒரு தாயக்கட்டை. நான்கு முகம், 1, 2, 3, வெறுமை. வெறுமையை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். டி6-க்கு லூடோ பகடை. டி8-க்கு ஒரு தாயக்கட்டையும் ஒரு நாணயமும்: நாணயம் தலை விழுந்தால் கட்டையின் எண்ணோடு 4 கூட்டுங்கள், பூ விழுந்தால் அப்படியே. டி12-க்கு லூடோ பகடையும் நாணயமும்: தலை என்றால் 6 கூட்டுங்கள். டி10-க்குச் சீட்டுக்கட்டில் ஒரே இனத்தில் ஏஸ் முதல் 10 வரை பத்துச் சீட்டு. டி20-க்கு அதே பத்துச் சீட்டும் நாணயமும்: தலை என்றால் 10 கூட்டுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பக் கட்டில் சேர்த்துக் கலைக்க வேண்டும். சேர்க்காமல் ஆடினால், 10 போன பிறகு அது திரும்ப வராது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஆட்டமே வேறாகிவிடும்.

பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. டி20 இல்லை என்று பத்துச் சீட்டில் இரண்டு முறை எடுத்துக் கூட்டுவது. அப்படிச் செய்தால் 1 ஒருபோதும் வராது, 20 வருவது நூற்றில் ஒரு முறை, 11-ஐச் சுற்றியே எண்கள் குவியும். தாயம் ஆடியவர்களுக்கு இது பழகிய சங்கதி. இரண்டு கட்டையை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் 3 நான்கு விதத்தில் வரும், தாயம் இரண்டு விதத்தில்தான், பன்னிரண்டு ஒரே விதத்தில். அதனால்தான் தாயம் போட அவ்வளவு தவிப்பு. டி20 அப்படியல்ல. 1 விழுவதற்கும் 11 விழுவதற்கும் 20 விழுவதற்கும் சம வாய்ப்பு, இருபதில் ஒன்று. தேர்ந்த வீரன் சறுக்கி விழுவதும், பயந்தாங்கொள்ளி ஒரே அடியில் ஓநாயை வீழ்த்துவதும் இந்தச் சமத்துவத்தால்தான் நடக்கின்றன. ஆட்டத்தின் ருசியில் பாதி அது, அதைக் கெடுக்கும் மாற்றுவழி வேண்டாம்.

புளியங்கொட்டையும் சோழியும் ஆகாது. இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை. கைபேசிச் செயலி நல்லதுதான், ஆனால் நெட்வொர்க் இல்லாமலும் ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். மூடுபனி நாளில் சிக்னலை நம்ப முடியாது.

பாத்திரத்தை அவரவரே உருவாக்க வேண்டுமா, நான் தயார் செய்து தரலாமா? ஒரு முறை முயன்றோம். கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் எண்களை எழுதும் தாள், நிரப்பவே மூன்று மணி நேரம் ஆகி, ஆடாமலே கலைந்தோம்.
— வங்கி ஊழியர், உதகை

முதல் ஆட்டத்துக்குத் தயார் செய்து தாருங்கள். விதி தெரியாதவரிடம் ஐம்பது தேர்வுகளை நீட்டினால் எதை இழக்கிறோம் என்று தெரியாமல் தயங்குவார், அதனால்தான் மூன்று மணி நேரம். ஆட்டக்காரர்கள் நாலு பேர் என்றால் ஆறு ஷீட் போடுங்கள். கடைசியில் எடுப்பவருக்கும் தேர்வு மிச்சமிருக்க வேண்டும். எண்களை நீங்கள் நிரப்புங்கள். பெயர், தோற்றம், எதற்குப் பயப்படுவார், வேறொரு பாத்திரத்தை எப்படித் தெரியும், இந்த நான்கையும் அவரவர் நிரப்பட்டும். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "இவள் என் அத்தை மகள்", "இவன் எனக்குக் கடன்பட்டவன்" என்று ஒரு வரி இருந்தால் போதும், நாலு அந்நியர்கள் ஒரு குழுவாகிவிடுவார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு போர்வீரர், ஃபைட்டர் வகுப்பு. ஆறு திறன்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களைப் பங்கிட வேண்டும். மனிதர் என்றால் ஒவ்வொன்றிலும் 1 கூடும். பலம் 16, உடல் உறுதி 15, சுறுசுறுப்பு 14, விவேகம் 13, வசீகரம் 11, அறிவு 9. பகடையோடு கூட்டுவது இந்த எண்ணையல்ல; இதிலிருந்து 10 கழித்து, பாதியாக்கி, பின்னத்தைக் கீழே இறக்கியதை. பலம் 16-க்கு +3, உடல் உறுதி 15-க்கு +2, அறிவு 9-க்கு −1. புதியவர்கள் 16-ஐயே பகடையோடு கூட்டிவிட்டு "31 வந்துவிட்டது" என்று குதிப்பதைத் தடுக்க ஒரு வழி: +3-ஐப் பெரிதாக எழுதி வட்டமிடுங்கள், 16-ஐ மூலையில் சின்னதாகப் போடுங்கள்.

முதல் நிலையில் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்பது, 10 கூட்டல் உடல் உறுதியின் 2, ஆக 12. சங்கிலிக் கவசம் 16, கேடயம் 2, ஆக கவச எண் 18. வாள் வீச +5: பலத்தின் 3, பயிற்சிக்கு 2. பட்டால் எதிரியின் உயிர்ப்புள்ளியில் டி8 கூட்டல் 3 குறையும். இந்த நாலு எண்ணையும் ஷீட்டின் தலைப்பில் எழுதிவிட்டால் முதல் ஆட்டத்தில் அவர் வேறெங்கும் பார்க்க வேண்டியிருக்காது.

மந்திரவாதி ஷீட்டுக்குத்தான் கூடுதல் உழைப்பு. ஒவ்வொரு மந்திரத்தையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் அளவாக இருக்கும். முதல் நிலை மந்திரங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான், அதற்கு இரண்டு புளியங்கொட்டை கொடுங்கள். மந்திரம் போட்டால் ஒரு கொட்டையைத் திருப்பித் தர வேண்டும். புளியங்கொட்டைக்கு இதுதான் சரியான வேலை. ஃபயர் போல்ட் போன்ற சிறு மந்திரங்களுக்குக் கணக்கில்லை, எத்தனை முறையும் போடலாம். மேஜிக் மிசைல் எப்போதும் தப்பாமல் படும். மூன்று அம்பு, ஒவ்வொன்றும் டி4 கூட்டல் 1. ஸ்லீப் மந்திரம் ஐந்து டி8 உருட்டி, அத்தனை உயிர்ப்புள்ளி அளவுக்கு எதிரிகளைத் தூங்க வைக்கும். சராசரி 22, கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் மூன்று பேர் ஒரேயடியாகச் சாய்ந்துவிடலாம். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தயாரித்த சண்டை அரை நிமிடத்தில் முடிந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஆட்டக்காரர் அடுத்த வாரமும் வருவார்.

எங்கள் முதல் ஆட்டத்தில் நாலு பேரும் செத்துப்போனோம். நாலு கோப்ளின்தான். புத்தகத்திலேயே பலவீனமான எதிரிகளில் ஒன்று என்று போட்டிருக்கிறது. எங்கே தவறு?
— பொறியாளர், கூடலூர்

தவறு எண்ணிக்கையில். ஒரு கோப்ளினை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி 50, நாலுக்கு 200. ஆனால் கூட்டமாக வரும் எதிரிகள் கூட்டமாகவே அடிப்பார்கள் என்பதால் விதியில் ஒரு பெருக்கல் உண்டு: இரண்டு எதிரி என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு. ஆக 400. முதல் நிலைப் பாத்திரம் ஒன்றுக்கு 25 எளிது, 50 நடுத்தரம், 75 கடினம், 100 உயிராபத்து. உங்கள் நாலு பேருக்கு உயிராபத்தின் வாசல் சரியாக 400. மூன்று கோப்ளின் என்றால் 300, கடினம். இரண்டு என்றால் 150, எளிது.

இதை மேசையில் நடப்பதாக வைத்துப் பாருங்கள். கோப்ளின் தாக்க +4, பட்டால் டி6 கூட்டல் 2, சராசரி ஐந்தரை. கவச எண் 18 உள்ள போர்வீரரை அது 35 சதவீதம் தொடும். கவச எண் 12 உள்ள மந்திரவாதியை 65 சதவீதம். சராசரியாகப் பாதி அடிகள் படுகின்றன என்றால் நாலு கோப்ளின் ஒரு சுற்றில் 11 புள்ளி பிடுங்கும். முதல் நிலைக் குழுவின் மொத்த உயிரே 40-ஐ ஒட்டித்தான். பதுங்கியிருந்து தாக்குவதாக வைத்திருந்தால், உங்களில் யாரும் அசைவதற்கு முன்பே ஒரு சுற்று போயிருக்கும். யார் முதலில் அடிப்பது என்று முடிவு செய்யும் முந்துரிமைப் பகடையிலும் அவை முந்தியிருந்தால் இரண்டு சுற்று, 22 புள்ளி. அதில் எட்டுப் புள்ளி மந்திரவாதியும் இன்னொருவரும் விழுந்திருப்பார்கள். மிச்சம் இரண்டு பேரை நாலு பேர் சூழ்ந்த பிறகு பகடை என்ன செய்யும்?

முதல் சண்டைக்கு இரண்டு கோப்ளின் வையுங்கள். பதுங்கல் வேண்டாம், அல்லது ஆட்டக்காரர்கள் பதுங்கட்டும். குழு நன்றாகச் சமாளித்தால் மூன்றாவது சுற்றில் கொம்புச் சத்தம் கேட்டு மூன்றாவது கோப்ளின் ஓடி வரலாம். திணறினால் வராது. இது ஏமாற்று அல்ல, இன்னும் மேசைக்கு வராத எதிரியைப் பற்றி யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. அதே நேரம், விழுந்த பகடையை மாற்றிச் சொல்லாதீர்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எந்த வெற்றியிலும் அவர்களுக்கு மகிழ்ச்சி இருக்காது.

எதிரிகளுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. பாதிப் பேர் விழுந்தால் மீதி ஓடட்டும், அல்லது ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கெஞ்சட்டும். சரணடைந்த கோப்ளினை என்ன செய்வது என்று உங்கள் நண்பர்கள் அரை மணி நேரம் வாதாடுவார்கள். சண்டையைவிட அது நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். உயிர்ப்புள்ளி 0 ஆனால் சாவு என்று நினைத்தீர்களா? 0 என்றால் மயக்கம்தான். அவர் முறை வரும்போதெல்லாம் ஒரு டி20: 10-உம் மேலும் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றியில் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வியில் போகும். இடையில் ஒரு புள்ளி குணமானாலும் கண் விழித்துவிடுவார். ஆளுக்கொரு குணமாக்கும் மருந்து, அதாவது இரண்டு டி4 கூட்டல் 2, முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

நம் மலைகளையே கதைக்களமாக வைத்து ஆட ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
— ஆசிரியை, கொடைக்கானல்

நல்ல ஆசை. கோட்டையும் ஓக் மரக்காடும் உங்கள் ஆட்டக்காரர்கள் திரையில் பார்த்தவை. சோலைக்காட்டின் ஈர இருட்டு அவர்கள் தோலில் உணர்ந்தது. "பாசி படர்ந்த மரம், கால் வைத்தால் அட்டை ஏறுகிறது, பத்தடிக்கு அப்பால் வெண்மைதான்" என்றால் போதும், வேறு வர்ணனையே வேண்டாம். பனிக்கு விதியும் உண்டு. மெல்லிய பனியில் கண்ணால் தேடும் சோதனைக்கு இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். கனத்த பனியில் அதற்குள் பார்ப்பவர் குருடருக்குச் சமம். தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகள் (கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்), பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, ஊருக்குள் நடமாடும் காட்டுமாடு, சுமை தூக்கி மலையேறும் குதிரைகள் என்று உங்களைச் சுற்றியே எவ்வளவோ இருக்கிறது.

ஒரு தாள் நிலைமை இப்படி இருக்கலாம். குறிஞ்சி பூத்த ஆண்டு. கணவாய்க்கு மேலே உள்ள சிற்றூருக்கு உப்பும் மருந்தும் ஏற்றிப் போன மூன்று குதிரைகளில் ஒன்று வெறும் முதுகோடு திரும்பியிருக்கிறது. குதிரைக்காரர் வரவில்லை. மேலே ஊர்த்தலைவி மகனுக்குக் காய்ச்சல், மருந்து இரவுக்குள் போய்ச் சேர வேண்டும். கோப்ளின்கள் குதிரைக்காரரைக் கல்திட்டைக்குள் அடைத்திருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது உப்புதான், மருந்துப் பையை என்னவென்றே தெரியாமல் தூக்கிப் போட்டிருக்கின்றன. கல்திட்டைக்கு அடியில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கண் திறக்கும் ஏதோ ஒன்று இருப்பதால் அவை நடுங்குகின்றன. யாரும் தலையிடாவிட்டால் விடியலில் அது எழும். அவ்வளவுதான். சண்டை போடலாம், உப்புக்கு மருந்தைப் பேரம் பேசலாம், இரவில் திருடலாம், கோப்ளின்களையே சேர்த்துக்கொண்டு அடியில் இருப்பதை எதிர்க்கலாம். எந்த வழியை எடுத்தாலும் உங்கள் தாள் வீணாகாது.

குதிரைக்காரர் கல்திட்டையில் இருக்கிறார் என்று தெரிய ஒரே துப்பு வைக்காதீர்கள், மூன்று வையுங்கள்: குதிரையின் சேணத்தில் ஒட்டிய சாம்பல்நிறக் கல் துகள், பாதையெல்லாம் சிந்திய உப்பு, மேய்ச்சல் சிறுமி கேட்ட சத்தம். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். பகடை தவறினால் கதையே நின்றுவிடும் என்ற இடத்தில் பகடை கேட்கவே கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பளியர் என்று இந்த மலைகளில் வாழும் மக்களை மாயக்காரர்களாகவோ அரக்கர்களாகவோ ஆட்டத்தில் வைக்காதீர்கள். பெயரை மாற்றிச் சாயலை மட்டும் எடுப்பதும் அதே தவறுதான். நீலகிரியில் சூனியக்காரர்கள் என்ற பழியைச் சுமத்தி 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பழியை மேசையில் மறுபடி உருட்ட வேண்டியதில்லை. கோப்ளினுக்குக் குரல் கொடுக்கும்போதும் உண்மையான எந்த மக்களின் பேச்சுவழக்கையும் கொடுக்க வேண்டாம். காட்டின் அச்சத்துக்குக் காடே போதும்.

ஆங்கிலத்தில் ஆடினால்தான் சரியாக வருமா? தமிழில் பேசினால் நாடகம்போல் ஆகிவிடுகிறது என்கிறார்கள் நண்பர்கள்.
— வாசகர், பண்ணைக்காடு

செந்தமிழில் பேசினால் நாடகம்போல் ஆகும். வீட்டில் பேசுவதுபோல் பேசுங்கள். விதிச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், கிரிக்கெட்டில் விக்கெட்டை நாம் மொழிபெயர்ப்பதில்லை. "ஸ்டெல்த் போடு" (ஒளிந்து நகரப் பகடை), "சேவ் எடு" (ஆபத்திலிருந்து தப்பப் பகடை) என்பதெல்லாம் இரண்டே ஆட்டத்தில் இயல்பாகிவிடும்.

சொல்லப்போனால் தமிழ் இந்த ஆட்டத்துக்கென்றே வாய்த்த மொழி. சத்திரக்காரி ஒரு வீரரை "வாங்க" என்றும் பக்கத்தில் நிற்பவரை "வா" என்றும் கூப்பிட்டால், யாருக்கு அங்கே என்ன மதிப்பு என்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது. இதுவரை "நீங்க" என்றவர் திடீரென்று "நீ" என்றால் மேசையே நிமிர்ந்து உட்காரும். ஆட்டக்காரர் குதிரைக்காரரிடம் "நாம போகலாம்" என்கிறாரா, "நாங்க போறோம்" என்கிறாரா என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதலாவதில் அவரையும் கூட்டிப்போகிறார்கள், இரண்டாவதில் விட்டுவிட்டுப் போகிறார்கள். டி.எம். கேட்காமலே பதில் கிடைக்கிறது.

குரல் மாற்றிப் பேச வெட்கப்படுபவர் "என் ஆளு அவன்கிட்ட மன்னிப்பு கேக்குறா" என்று படர்க்கையில் சொன்னாலும் சரி. அதுவும் ஆட்டம்தான், வற்புறுத்த வேண்டாம்.

டிசம்பரில் எங்கள் வீட்டில் ஆட இருக்கிறோம். இரண்டு பேர் பேருந்தில் வர வேண்டும். நேரத்தை எப்படிப் பிரிப்பது?
— வாசகி, கோத்தகிரி

கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அதன் பிறகு பனியும் காட்டுமாடும் இருக்கும் சாலையில் நண்பர்களை நடக்க விடக்கூடாது. ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு உட்காருங்கள். முதல் 25 நிமிடம் ஷீட் எடுக்க, பெயர் வைக்க, டி20-ஐ ஒரு முறை உருட்டிப் பார்க்க. அடுத்த முக்கால் மணி, மேலே சொன்ன கல்திட்டைக் கதையில் குதிரை திரும்பியது முதல் பாதையில் தேடுவது வரை. 3:10-க்குத் தேநீர். புதியவர்களுக்கு ஒரு சண்டை ஒரு மணி நேரம் எடுக்கும், அதனால் 3:20-க்கு அதைத் தொட்டுவிடுங்கள். கடைசி அரை மணி முடிவுக்கும் மூச்சு விடுவதற்கும். 3:20-க்குள் சண்டையோ பேரமோ தொடங்காவிட்டால், இடையில் உள்ள ஏதாவது ஒரு காட்சியை வெட்டிவிட்டு நேராகக் கல்திட்டைக்குக் கொண்டுபோங்கள். முடியாத முதல் ஆட்டத்தைவிடக் குறுகிய முதல் ஆட்டம் நல்லது.

ஜெல் பேனா வேண்டாம். ஈரக் காற்றில் தாள் நமத்து மை ஊறும், உயிர்ப்புள்ளியை வேறு அடிக்கடி அழித்தெழுத வேண்டும். எச்.பி. பென்சில் ஆளுக்கொன்று, அழிரப்பர் இரண்டு. மின்சாரம் போனால் சமாளிக்க மேசை நடுவில் சார்ஜ் விளக்கு ஒன்று. மெழுகுவர்த்தி அழகுதான், ஆனால் தாளும் சால்வை நுனியும் பக்கத்திலேயே இருக்கும். வர்க்கியைத் தேநீர் இடைவேளைக்கு ஒதுக்குங்கள். அதன் நெய்ப்பசை ஷீட்டில் பட்டால் அப்புறம் அந்த இடத்தில் பென்சில் எழுதாது. ஆடும்போது கொறிக்க வேர்க்கடலை போதும்.

என் மகனுக்கு வயது 13. பகடை, பேய் பிசாசு என்று பேசிக்கொள்கிறார்கள். சூதாட்டமா இது? அனுமதிக்கலாமா?
— ஒரு தாய், உதகை

பணயம் இருந்தால்தான் சூது. இதில் பணயமும் இல்லை, ஒருவர் தோற்று இன்னொருவர் ஜெயிப்பதும் இல்லை. எல்லாரும் ஒரே பக்கம். டி அண்ட் டி தொடக்கப் பெட்டியில் 12 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. கூட்டல், கழித்தல், நிகழ்தகவு, நாலு பேர் முன் பேசும் துணிவு இவையெல்லாம் கூடவே வரும். கதையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தொடங்குமுன் பேசிக்கொள்கிறார்களா என்று மகனிடம் கேளுங்கள். நல்ல குழுக்கள் பேசிக்கொள்ளும். எக்ஸ் என்று எழுதிய அட்டையை மேசை நடுவில் வைத்து, யாருக்கு ஒரு காட்சி பிடிக்காவிட்டாலும் காரணம் சொல்லாமல் அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிடும் வழக்கமும் உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வகுத்த முறை அது, எங்கும் பரவியிருக்கிறது. முதல் ஆட்டத்தை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆடச் சொல்லுங்கள், அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம்.

சில சின்னக் கேள்விகள்

*ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் வாயே திறப்பதில்லை.* (குன்னூர்) சண்டையில்லாத நேரத்திலும் வட்டமாகக் கேளுங்கள். பேசாதவரிடம் "என்ன செய்றே?" என்று கேட்டால் இன்னும் சுருங்குவார். "சேணத்தில் ஒட்டிய கல் துகளை நீதான் பார்க்கிறாய், சொல்லலாமா மறைக்கலாமா?" என்று இரண்டு வழி கொடுத்துக் கேளுங்கள்.

*விதி பற்றிச் சண்டை வந்தால்?* (கூடலூர்) ஒரு நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் டி.எம். சொல்வது அன்றைக்கு விதி. தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தவறாக இருந்தால் அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

*பொம்மைகளும் கட்டம் போட்ட வரைபடமும் வேண்டுமா?* (பூம்பாறை) ஒரு சண்டைக்கு வேண்டாம். யார் எங்கே நிற்கிறார் என்று குழப்பம் வந்தால் சட்டைப் பொத்தான்களை வைத்துக் காட்டுங்கள்.

*பகடை மேசையிலிருந்து விழுந்தால் அந்த எண் செல்லுமா?* (உதகை) முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். செல்லாது என்று வைப்பதே நல்லது, 20 விழுந்த பகடை மட்டும் செல்லும் என்று வாதிட ஒருவர் எப்போதும் இருப்பார். ஓரம் மடிந்த தாம்பாளத்தில் துணி விரித்து உருட்டினால் பகடை ஓடாது, சத்தமும் வராது.

*ஆட்டம் முடிந்ததும் ஷீட்டை அவரவர் எடுத்துப் போகலாமா?* (கொடைக்கானல்) வேண்டாம், ஒருவர் நிச்சயம் மறந்துவிட்டு வருவார். எல்லாவற்றையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். எழுந்திருக்குமுன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே நின்றார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், அடுத்து எங்கே போகப்போவதாகச் சொன்னார்கள். அந்த மூன்றாவது வரிதான் அடுத்த வாரம் நீங்கள் தயாரிக்க வேண்டியது.